எட்டு கிலோ எடையுள்ள ஒரு சொல்

வேம்பாத்துறையில் தொம்மையின் வலையில் ஒரு சொல் அகப்பட்டது மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் காலையில், கடல் எண்ணெய் தடவிவிட்டதுபோல் அசையாமல் கிடந்த நேரத்தில். வலையை இழுத்த நாலு பேரும் நல்ல கனம் கண்டு பெரிய பாரை மீன் ஒன்று விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். ஆனால் வலை வள்ளத்துக்குள் வந்து சேர்ந்தபோது அதன் மடி நிறைந்து முட்டிக்கொண்டு நின்றதே தவிர உள்ளே செதிலோ வாலோ ஒன்றும் தெரியவில்லை. தொம்மை குனிந்து பார்த்தான். தண்ணீரை விட்டு வெளியே வந்த எந்த உயிரும் வாய் திறப்பதுபோல அதுவும் ஒரு தரம் திறந்து, தெளிவாக, அதட்டாமல், "கை" என்றது.

தொம்மை பதினாறு வயதிலிருந்து கடலுக்குப் போகிறவன், கடல் தருவதை ஏன் தந்தாய் என்று கேட்டுப் பழக்கமில்லாதவன். "மிச்ச வலையையும் இழுங்கலே, வெயில் ஏறுது" என்று மட்டும் சொன்னான்.

கரையில் ஏலக்காரர் சூசை அதைத் தராசில் தூக்கி வைத்தார். எட்டு கிலோ காட்டியது. ஐஸ் போடுகிறவன் பழக்கதோஷத்தில் ஒரு சட்டி ஐஸை அள்ளி மேலே கொட்ட, ஐஸ் தரையில் விழாமல் எதன்மேலோ குவிந்து நின்றது. அதற்குள்ளிருந்து குளிரில் கொஞ்சம் நடுங்கின குரலில் மறுபடியும் "கை" என்று கேட்டது. மீன்துறை ஆபீஸிலிருந்து கணக்கெடுக்க வந்த பெண், பேனாவை உதட்டில் தட்டிக்கொண்டு யோசித்துவிட்டு, 'இதர வகை, ஒன்று' என்று நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வள்ளத்துக்குப் போனாள். சூசை தொண்டையைச் செருமி, "எட்டு கிலோ... எட்டு கிலோ..." என்று ஆரம்பித்தார், அதற்கு மேல் அவருக்கு வாய் வரவில்லை. வேம்பாத்துறைக்காரர்கள் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அது கஸ்பாருக்காக விட்ட சொல். கஸ்பார் தொம்மையின் அக்கா புருஷன், ஒரு காலத்தில் விசைப்படகு ஓட்டியவன், பாட்டுக்காரன், பந்திக்கு உட்கார்ந்தால் எதிர் இலைக்காரனையும் சிரிக்க வைத்துப் புரையேற்றிவிடுகிறவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் வலை இழுக்கும் வின்ச்சில் சுற்றின இரும்புக் கயிறு அவனுடைய வலது கையை மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் ஓடிவந்து இன்ஜினை நிறுத்துவதற்குள் கை போய்விட்டது. கடலுக்குள் விழுந்ததை அவனே கண்ணால் பார்த்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வீட்டுக்கு வந்த முதல் நாள், அவன் மனைவி ராக்கினி அடுப்படியிலிருந்து, பதினேழு வருஷமாகச் சொல்லிச் சொல்லி நாக்கிலேயே தங்கிவிட்ட பழக்கத்தில், "கையக் கழுவிட்டு வாங்க, சோறு போடுதேன்" என்று குரல் கொடுத்துவிட்டாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது. கஸ்பார் தட்டை எடுத்துக்கொண்டு கருவாட்டு மூட்டை அடுக்கியிருக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இடது கையால் சோறு தின்பதை ஒருத்தரும் பார்க்கக் கூடாது என்று அன்றைக்குச் சாத்தின கதவு, பிறகு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் திறந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து ராக்கினி அந்தச் சொல்லை விட்டுவிட்டாள். "கழுவிட்டு வாங்க" என்றாள், எதை என்று சொல்லவில்லை. கூடையைத் தலைக்கு ஏற்ற ஆள் வேண்டுமென்றால் "ஒரு பிடி பிடிங்க" என்றாள். அவள் விட்டதைப் பார்த்துத் தெருவும் விட்டது. கைக்குட்டை மூக்குத்துண்டு ஆயிற்று, கைவைத்தியம் வீட்டு வைத்தியம் ஆயிற்று, இளநீர்க்காரன் வழுக்கை என்று சொல்லப் பயந்து 'இளசு' என்றான், பஞ்சாயத்துக்குக் கோரிக்கை வைக்கப் போனவர்கள் மனு என்று சொல்லிப் பிழைத்துக்கொண்டார்கள். பங்குச் சாமியார் ஜெரோசின் பிரசங்கத்தில் நம்பிக்கை என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் விசுவாசம் என்று ஒரு நல்ல சொல் வேதப்புத்தகத்தில் ஏற்கெனவே இருந்தது அவருக்குச் சௌகரியமாய்ப் போயிற்று. இப்படியாக ஒரு சின்னக் கடற்கரை ஊர், ஒரு மனுஷனுக்காக, ஓரெழுத்தை நீக்கிவிட்டுத் தமிழ் பேசப் பழகியிருந்தது. அந்த ஓரெழுத்துதான் இப்போது ஐஸுக்கு அடியில் கிடந்து தன்னைத்தானே சொல்லிக்கொண்டிருந்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? இது நம்ம கஸ்பார் அண்ணனோடது. கடல் வச்சிருந்து திருப்பிக் கொடுத்திருக்கு" என்றாள் மீன்காரி ஒருத்தி. எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. ஏலம் அத்தோடு முடிந்தது.

ராக்கினி முற்றத்தில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தொம்மை தலையில் ஓலைப்பெட்டியோடும், அவனுக்குப் பின்னால் பாதி ஊரோடும் வந்து நின்றான்.

"அக்கா," என்றான், பெட்டியை இறக்காமலேயே. "அத்தானோடது... அது... வந்திருக்கு."

"எது வந்திருக்குலே?"

தொம்மைக்குப் பதில் பெட்டியே பதில் சொன்னது. ராக்கினியின் விரல்களிலிருந்து நெத்திலி உதிர்ந்தது. மூன்று வருஷமாகத் தன் பல்லுக்குப் பின்னால் அடைத்து வைத்திருந்ததை வேறு யாரோ தன் முற்றத்தில் நின்று சாதாரணமாகச் சொல்லக் கேட்டதும் அவளுக்கு முதலில் வந்தது பயம்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். கஸ்பார் வாசற்படியில் நின்றிருந்தான்.

"யாரு சொன்னது?" என்றான்.

"கை" என்றது பெட்டி.

கஸ்பார் இறங்கி வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். ஈரம் மட்டும் இருந்தது. அவன் இடது கையை உள்ளே விட்டுத் துழாவினான். ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும், முகம் மாறியது.

"வலதா, இடதான்னு கேட்டியா மாப்ள?"

"கேட்டேன் அத்தான். அது அந்த ஒண்ணத் தவிர வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்கு."

"சரி. அங்க வை" என்றான் கஸ்பார்.

இல்லாத கையின் விரல்கள் அவனுக்கு நாள்தோறும் உச்சிப்பொழுதில் அரிக்கும், சொறிய இடம் இல்லாமல் சுவரில் தோளைத் தேய்ப்பான். அன்றைக்கு உச்சிப்பொழுது வந்தது, போனது, அவன் பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் கிடந்து பிள்ளைபோலத் தூங்கினான். ராக்கினி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இனிமேல் எல்லாம் சரியாகிவிடும், இந்த மனுஷன் சாயங்காலம் எழுந்து வந்து முற்றத்தில் உட்கார்ந்து எல்லார் முன்னாலும் ஒரு வாய் சாப்பிடுவான் என்று நினைத்தாள்.

அப்படி நடக்கவில்லை. சாயங்காலம் அவன் தட்டை எடுத்தான், பெட்டியையும் எடுத்தான், இரண்டையும் கொண்டு கருவாட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். முன்னே அந்தக் கதவுக்குப் பின்னால் ஒருத்தன் இருந்தான், இப்போது இரண்டு பேர். கஸ்பார் அந்தச் சொல்லைக் குளிப்பாட்டினான், ஈரத்துணி போட்டு மூடினான், அதனோடு பேசினான். பார்க்க வந்தவர்கள் மெழுகுவர்த்தி கொண்டுவந்தார்கள். அதைக் குருசடிச் சிலுவைக்குக் கீழே வைக்கலாமா என்று கேட்டதற்கு, "அது சொல்லுதான்மா, சுரூபம் இல்ல, மெழுகுவர்த்தியெல்லாம் வேண்டாம்" என்று சாமியார் திருப்பி அனுப்பினார். காதுகேளாதவர்கள் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்து அதைக் கேட்டுவிட்டுப் போனார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து கஸ்பார் யாரையும் கிட்ட விடவில்லை. "பாத்தது போதும், இது என்னோடது" என்றான். தொம்மை ஒருநாள் கேட்டான், "அத்தான் நல்லாயிருக்காரா அக்கா?" ராக்கினி சொன்னாள், "நல்லாத்தான் இருக்காரு. அந்தப் பெட்டியோட நல்லாயிருக்காரு."

பங்குனியில் பக்கத்துத் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் உள்ளே வர இடம் கிடைக்காமல் வரிசையாக நின்றன. சாமியார் ஜெரோசின் ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுகத்துக் கப்பல்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு வருவார். பூசைக்கு என்று பெயர், பாதிப் பேர் மண்ணை மிதிப்பதற்காகத்தான் வருவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் வந்தார்கள்: ப்ரசேர்ட் என்கிற தாய்லாந்து சமையல்காரர், தொப்பையும் சிரிப்புமாக இருந்தார், இன்ஜின் அறையில் வேலை பார்க்கிற வெய் என்கிற சீனாக்காரன், வெட்கக்காரன், பிறகு மேரெ, நியூசிலாந்துத் தீவிலிருந்து வந்த அந்த மண்ணின் பழங்குடிப் பெண், ஆறடி உயரம், கப்பலில் இரண்டாவது அதிகாரி. பூசை முடிந்ததும் கருவாடு வாங்க வேண்டும் என்று ப்ரசேர்ட் சொன்னார். சாமியார் மூன்று பேரையும் ராக்கினியின் வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

அது உச்சிப்பொழுது. கஸ்பார் பெட்டியோடு கருவாட்டு அறைக்குள் இருந்தான். கருவாடு முழுக்க அந்த அறைக்குள்தான் இருக்கிறது, அவர் சாப்பிட்டு முடிக்கட்டும், கொஞ்சம் உட்காருங்கள் என்று ராக்கினி சாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சாமியார் அதை இங்கிலீஷில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து "கை" என்று கேட்டது.

கதவுக்குப் பக்கத்தில் நின்றது வெய். அவன் மரியாதையாகத் தலையைக் குனிந்துவிட்டு, கதவைத் தள்ளித் திறந்தான்.

மூன்று வருஷத்து இருட்டுக்குள் முற்றத்து வெயில் மொத்தமும் போய் விழுந்தது. மூட்டைகளுக்கு நடுவில் கஸ்பார் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான், இடது கையில் பிசைந்த சோறு பாதி வாய்க்குப் போயும் போகாமலும். எல்லாரும் பார்த்தார்கள். ராக்கினி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏன்டே திறந்தே?" என்று கத்தினான் கஸ்பார்.

சாமியார் பதறிப்போய் வெய்யிடம் கேட்டார். அவன் முகம் சிவந்துவிட்டது. "உள்ளேயிருந்து யாரோ 'திற'ன்னு சொன்னாங்களாம்," என்றார் சாமியார். "அவன் பாஷையில அதுக்கு அதுதான் அர்த்தமாம். சொன்னதத்தான் செஞ்சேங்கான்."

அதற்குள் பெட்டி இன்னொரு தரம் சொன்னது. ப்ரசேர்ட் முகம் மலர்ந்து உள்ளே நுழைந்து மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்து, நாக்கைச் சொடுக்கி, எதையோ கூப்பிட ஆரம்பித்தார். "இவர் என்ன தேடுதாரு?" என்றான் கஸ்பார். சாமியார் கேட்டுவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார், "கோழி. அவங்க ஊர்ல கோழிக்கு அதுதான் பேராம். எங்கயோ ஒளிஞ்சிருக்கு, நல்ல விடைக்கோழியாத்தான் இருக்கும்னு சொல்லுதாரு."

மேரெ ஒன்றும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்து, கஸ்பாருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, அவன் தட்டைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையை ஆட்டினாள். அவளுடைய ஊரில் அந்தச் சொல்லுக்குச் சாப்பாடு என்று அர்த்தம். ஒரு வீட்டுக்குள்ளிருந்து யாராவது அதைச் சொன்னால் வந்து உட்கார் என்று கூப்பிடுவதாக அர்த்தம், கூப்பிட்ட பிறகு வெளியே நிற்பது அந்த வீட்டை அவமானப்படுத்துவது.

கஸ்பார் பெட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். "சாமி, இவங்ககிட்டச் சொல்லுங்க. இது கோழி இல்ல. சோறு இல்ல. கதவு இல்ல. இது என் கை!" என்றான். "கடல்ல விழுந்த என் கை!"

தெருவில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். மூன்று வருஷத்தில் அந்தச் சொல்லை அவன் வாயால் சொல்லி அவர்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. அவனுக்குமே அது கேட்டிருக்க வேண்டும், சொல்லிவிட்டு அப்படியே நிறுத்திவிட்டான்.

சாமியார் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "கஸ்பாரு, உங்கிட்ட ஒண்ணு சொல்லாம மறைச்சிட்டேன். நீ வருத்தப்படுவேன்னுதான். குருமடத்துல எங்களுக்குப் பழைய கிரேக்கம் சொல்லிக்கொடுத்தாங்க, சுவிசேஷம் எழுதுன பாஷை. அதுலயும் இந்தச் சொல்லு இருக்கு."

"அதுல என்ன? வாத்தா?"

"இல்ல. 'உம்'."

"உம்மா?"

"நீயும் நானும்ங்கிறோமே, அந்த 'உம்'. ஒண்ணச் சொல்லி முடிச்சிட்டு அடுத்ததச் சொல்லுறதுக்கு முன்னால போடுறது. மாற்கு எழுதுனதுல பாதி வசனம் அதுலதான் ஆரம்பிக்கும். இத நான் கேக்கும்போதெல்லாம் எனக்கு, அப்புறம் என்ன, அப்புறம் என்னன்னுதான் இருக்கும்."

கஸ்பார் பெட்டியைப் பார்த்தான். அதுவும் பார்த்ததா என்று யாருக்குத் தெரியும். ஆனால் சாமியார் நிறுத்தியதும், அவர் சொன்னதைத் தொடர்வதுபோல, அது மெதுவாகத் தன்னைச் சொல்லிக்கொண்டது. அந்த ஒரு குரலைக் கேட்டு அதே நேரத்தில் வெய் கதவை இன்னும் அகலமாகத் தள்ளினான், ப்ரசேர்ட் இன்னொரு மூட்டையை நகர்த்தினார், மேரெ தட்டுக்காகக் கையை நீட்டினாள்.

ராக்கினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு தூணைப் பிடித்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தெருவில் நின்றவர்களில் ஒருத்தி சிரித்தாள், தொம்மை சிரித்தான், வெட்கக்காரன் வெய்கூட என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ராக்கினி சொன்னாள், "தொம்மை, பக்கத்து வீட்டுல ஒரு கோழி வாங்கிட்டு வா. தேடிட்டே இருக்காரு பாவம்."

ப்ரசேர்ட் அடுப்படியைத் தன் வசம் எடுத்துக்கொண்டார். அவரும் ராக்கினியும் ஒரு பாஷையும் இல்லாமல் சமைத்தார்கள். அவர் மிளகாயைக் காட்டி விரலில் எண்ணிக்கை சொல்வார், இவள் அதில் பாதியை எடுத்து வைப்பாள், அவர் மறுபடியும் போடுவார். நார்த்தை இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்ற நேரத்தில் குழம்பு அடிப்பிடிக்கப் பார்த்தது. முற்றத்தில் பாய் விரித்தார்கள், பாய் போதாமல் வலையின் மேல் சாக்கு விரித்தார்கள், எட்டிப் பார்க்க வந்தவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள். கஸ்பார் மட்டும் திறந்த கதவுக்குப் பின்னால் பெட்டியோடு இருந்தான். கதவைச் சாத்த அவன் எழுந்திருக்கவில்லை என்பதை ராக்கினி பார்த்தாள், பார்க்காததுபோல் இருந்துகொண்டாள்.

மேரெக்கு முதல் தட்டை வைத்தாள். மேரெ கண்ணை மூடித் தன் பாஷையில் ஏதோ ஜெபம் சொன்னாள், அதற்குள்ளும் ஒருமுறை அந்தச் சொல் வந்து போனது. பிறகு இடது கையால் சோற்றை அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தாள்.

பந்தி முழுக்க ஒரு நொடி அசையவில்லை. மேரெ அதைக் கவனிக்கவே இல்லை. இடது கையால் எலும்பைப் பிடித்து உறிஞ்சினாள், இடது கையால் ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள், நன்றாக இருக்கிறது என்று அதே கையின் கட்டைவிரலை ராக்கினியிடம் தூக்கிக் காட்டினாள். வலது கை வேலையற்றுப்போய் மடியில் கிடந்தது.

"சாமி," என்றான் கஸ்பார் அறைக்குள்ளிருந்து. "அவங்களுக்கு வலது கை நல்லாத்தான இருக்கு? அடிபட்டிருக்கா?"

சாமியார் கேட்டார். "நல்லா இருக்காம். பிறந்ததுலேருந்தே இடது கைதானாம்."

"வீட்டுல யாரும் அடிக்கலையா?"

சாமியார் அதையும் கேட்டார். மேரெ மென்றுகொண்டே நிமிர்ந்து பார்த்து, திருப்பி ஒரு கேள்வி கேட்டாள்.

"எதுக்குன்னு கேக்காங்க" என்றார் சாமியார்.

அறைக்குள் மூட்டைகள் நகரும் சத்தம் கேட்டது. கஸ்பார் வெயிலுக்குள் வந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான், இடுப்பில் பெட்டி, பெட்டிக்கு மேல் பாதி தின்ற தட்டு. என்ன சொல்வது என்று ராக்கினி எத்தனையோ விதமாக நினைத்து வைத்திருந்தாள், இந்த நேரத்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, வந்தது பழைய சொல் ஒன்றுதான்.

"கையக் கழுவிட்டு வாங்க," என்றாள். "சூடா சோறு போடுதேன்."

கஸ்பார் அவளைப் பார்த்தான். பெட்டியைப் பாயின் நடுவில், குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். தொட்டிப் பக்கம் போய் இருந்த ஒரு கையை, விரல் விரலாக, நகத்து இடுக்கு உட்பட, நிதானமாகக் கழுவிக்கொண்டு வந்து மேரெக்கும் வெய்க்கும் நடுவில் உட்கார்ந்தான். முதல் வாய் எடுக்கும்போது அவன் காது மடல் சிவந்திருந்தது. மூன்றாவது வாயில் எதிரில் உட்கார்ந்திருந்த ஏலக்காரர் சூசையைப் பற்றி ஏதோ சொன்னான். சூசைக்குப் புரையேறி மூக்கு வழியாகச் சோறு வந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டி அறைக்குள் போகவில்லை. வேப்பமரத்தடியில், கழுவின சட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்தது. இது கையா இல்லையா என்று ஊரில் யாரும் தீர்த்துச் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. கஸ்பாருக்கு உச்சிப்பொழுதில் அரிப்பு சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. வந்த நாளில் "இன்னைக்கு வந்திருக்கு" என்று ராக்கினியிடம் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தான். தொம்மையின் வள்ளத்தில் சுக்கான் பிடிக்கப் போனான். துறைமுகத்தில் செய்தி கப்பலுக்குக் கப்பல் பரவி, ஞாயிற்றுக்கிழமைகளில் சாமியாரின் வேன் நிறைந்துபோய் இரண்டு நடை அடிக்க வேண்டிவந்தது. ஜப்பான்காரர் ஒருத்தர் வந்து அதைக் கேட்டு, தன் ஊரில் சிப்பிக்கு அப்படித்தான் பேர் என்று சொல்லி, மறுவாரம் பெட்டிக்குள் ஒரு சிப்பியை வைத்துவிட்டுப் போனார். ஹவாய்த் தீவுக்காரன் ஒருத்தன் அதைக் கேட்டதும் கிழக்கே திரும்பிப் பார்த்தான், அவன் பாஷையில் அது கடல். ஒவ்வொருத்தர் அர்த்தத்தையும் கஸ்பார் கவனமாகக் கேட்டு, அடுத்து வருகிறவர்களிடம் தன் சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னான். தெருவுக்குக் கைக்குட்டை திரும்பி வந்தது, வழுக்கை திரும்பி வந்தது, சாமியார் ஒரு ஞாயிறு நம்பிக்கை என்று பேச ஆரம்பித்து நிறுத்தத் தெரியாமல் முக்கால் மணிநேரம் பேசிவிட்டார்.

வைகாசியில் ஒருநாள் பனி பெய்கிற நாட்டுக்காரன் ஒருத்தன் வந்தான். அவன் நாட்டின் பெயரை நாலைந்து தரம் கேட்டும் வேம்பாத்துறையில் யாருக்கும் வாயில் நுழையவில்லை. நரைத்த புருவமும் நீலக் கண்ணுமாக, பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அது ஐந்து தரம் ஆறு தரம் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டான். கடைசியில் உதட்டைப் பிதுக்கினான்.

"அவன் பாஷையில இதுக்கு ஒண்ணும் கிடையாதாம்" என்றார் சாமியார். "வெறும் சத்தமாம்."

அப்படி ஒருத்தன் அதுவரை வந்ததில்லை. மற்ற கப்பல்காரர்கள் அவனை பயணப்பெட்டியைத் தொலைத்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அவனும் தலையைக் குனிந்துகொண்டான். "அர்த்தம் இல்லேன்னா என்ன, உக்காரச் சொல்லுங்க சாமி" என்றான் கஸ்பார். அவனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, மீன் முள்ளை எப்படி எடுப்பது என்று காட்டிக்கொடுத்தான். அவன் சாப்பிட்டான், போனிலிருந்து தன் மனைவியின் படத்தைக் காட்டினான், ஆறு மாத வயிற்றோடு, அங்கே இன்னும் உருகாத பனிக்குள் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். ராக்கினி வயிற்றின் வடிவத்தைப் பார்த்துப் பொண்ணுதான் என்றாள். அவன் கிளம்பும்போது சாமியாரிடம் ரொம்ப நேரம் ஏதோ கேட்டான். சாமியார் கஸ்பாரிடம் வந்து சொன்னார், "பிள்ளைக்கு வைக்க ரெண்டு பேருக்கும் ஒத்து வர்ற மாதிரி ஒரு பேரு கிடைக்கலையாம். அவங்க ஊர்ல இந்தச் சொல்லு யாரும் தொடாம அப்படியே புதுசா இருக்கு, எடுத்துக்கிடட்டுமான்னு கேக்கான்."

"என்னையா கேக்கான்?"

"நீதான வச்சிருக்கே."

ராக்கினி கஸ்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் எங்க வச்சிருக்கேன்? அதுபாட்டுக்கு இருக்கு" என்றான். பிறகு, "தாராளமா வைக்கச் சொல்லுங்க. நல்ல பேருதான்" என்றான்.

ஆவணி கடைசியில், வெயில் தாழ்ந்த நேரத்தில், சாமியார் போனைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடிவந்தார். ஊர் கூடியது. போனுக்குள் ஒரு வெள்ளை அறையும், கண்ணாடி ஜன்னலும், நீலக் கண்ணனும், அவன் மனைவியும், துணிக்குள் சுற்றின சின்ன முகமும் தெரிந்தது. பொண்ணுதான். ராக்கினி எல்லாருக்கும் கேட்கும்படியாக, "நான் சொன்னேன்லா" என்றாள். போன் ஆளுக்கு ஆள் மாறி, கடைசியில் மரத்தடிக்கு வந்து கஸ்பாரிடம் நின்றது. அவன் அதை இடது கையில் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தது. இந்தப் பக்கம் திருப்புவதற்காக அதன் அம்மா குனிந்து, மெல்லமாக, பாட்டின் முதல் எழுத்தைப் பாடுவதுபோலக் கூப்பிட்டாள்:

"கை."

பெட்டிக்குள்ளிருந்து பதில் வந்தது. "கை" என்றது அது உடனே, யாரோ தன்னைத் தேடி வந்துவிட்டார்கள் என்பதுபோல.

கஸ்பார் பெட்டிப் பக்கம் குனிந்தான். "உன்னைய இல்ல," என்றான் தாழ்ந்த குரலில். "பிள்ளையக் கூப்பிடுதாவ. நீ கொஞ்சம் சும்மா இரு."

அது சும்மா இருந்தது. அந்த அமைதியில் அம்மா மறுபடியும் கூப்பிட, பனி நாட்டில் அந்தப் பிள்ளை மெதுவாகத் தலையைத் திருப்பியது.